கால் இயங்காதவர் சிறு டிராக்டர் ஓட்டுவது: கைக் கிளட்ச், கைப் பிரேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனையிலிருந்து விழுந்தவர், இருசக்கர வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து கால் சூம்பியவர் என நெல்லைச் சீமையில் இப்படிப்பட்ட விவசாயிகள் பலர் இருக்கிறார்கள். நிலம் இருக்கிறது, வேலை தெரியும், கைகள் இரண்டும் உறுதியாக இருக்கின்றன. பெடலை மிதிக்கத்தான் கால் ஒத்துழைப்பதில்லை. அவர்களும் வீட்டாரும் பட்டறைக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 15 முதல் 28 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டர்களுக்கு இது பொருந்தும்.

காலை ஊன்றாமல் டிராக்டர் ஓட்ட உண்மையிலேயே முடியுமா?

முடியும். காரை விட டிராக்டர் இதற்குத் தோதான வண்டி. காரில் ஆக்சிலேட்டரைக் காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிராக்டரில் கை ஆக்சிலேட்டர் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஒரு நிலையில் வைத்துவிட்டால் பாரம் கூடினாலும் குறைந்தாலும் கவர்னர் என்ற பாகம் எஞ்சின் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவர், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) லிவர், கியர், பார்க்கிங் பிரேக் எல்லாம் பெரும்பாலும் கைக்கே எட்டுகின்றன. காலுக்கென்று மிஞ்சுவது கிளட்ச், இரட்டைப் பிரேக், இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் டிஃப்பரென்ஷியல் லாக் ஆகிய மூன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிவர் செய்வது இந்த வேலையின் எளிய பகுதி. நல்ல லேத் பட்டறையில் சில நாளில் முடிந்துவிடும். வண்டியில் ஏறுவது, சாயாமல் உட்காருவது, கவிழ்ந்தால் உயிர் பிழைப்பது, உணர்ச்சியற்ற தோலைப் புண்ணாகாமல் காப்பது ஆகியவை அதைவிடக் கடினமானவை. லிவர் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்து வயலுக்குப் போகாதீர்கள்.

யாருக்கு இது ஒத்துவரும்?

இடது கால் மட்டும் இயங்காதவருக்குக் கிளட்ச் லிவர் ஒன்று போதும். வலது கால் மட்டும் இயங்காதவருக்குப் பிரேக் லிவர் போதும். இரண்டு காலும் இயங்காதவருக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரு கைகளிலும் பிடி வலுவாக இருக்க வேண்டும். விரல்கள் பலவீனமாக உள்ளவர்களுக்கு, கழுத்தெலும்பு அடிபட்டவர்களுக்கு, வீட்டில் செய்த இரும்பு லிவரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெயிலில் இறங்கக் கூடாது. அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காததால் உடம்பு சூடேறிக்கொண்டே போகும். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோகூட இரத்த அழுத்தம் திடீரென்று எகிறித் தலைவலியும் முகச்சிவப்பும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

எந்த டிராக்டரை வாங்குவது?

மஹிந்திரா ஜீவோ, குபோட்டா நியோஸ்டார், ஜான் டியர் 3028 போன்றவை எல்லாம் இந்தச் சிறு ரகத்தில் வருகின்றன. கம்பெனிப் பெயரைப் பார்ப்பதைவிட இந்த நான்கைப் பாருங்கள்: பவர் ஸ்டீயரிங் இருக்கிறதா, கியர் லிவர்கள் தொடைகளுக்கு நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கின்றனவா, கால் வைக்கும் தளம் தட்டையாக இருக்கிறதா, கவிழ்வுக் காப்புச் சட்டம் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம்) அந்த மாடலுக்குக் கம்பெனியில் கிடைக்கிறதா. கடைசியது இல்லையென்றால் அடுத்த மாடலுக்குப் போய்விடுங்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் சிறு டிராக்டர்களில் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பெட்டி பரவலாக இருக்கிறது. ஒரே பெடலை அமுக்கினால் எண்ணெய் அழுத்தம் வண்டியை இயக்கும். ஓடும்போது கிளட்சுக்கு வேலையே இல்லை. அந்தப் பெடலில் ஒரு கம்பியை மாட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். அயல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இங்கே விற்பவை பெரும்பாலும் உலர் கிளட்சும் பல்சக்கரக் கியரும் கொண்டவை.

களக்காடு, ஏர்வாடி பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குச் சிறு வண்டிதான் சரி. ஆறடிக்கு ஆறடி நட்ட வாழைக்கு நடுவே பெரிய டிராக்டர் நுழைந்தால் இலையும் கிழியும், கன்றும் போகும்.

கிளட்ச் லிவரை எப்படிச் செய்வது?

முதலில் அளவெடுங்கள். மூட்டை நிறுக்கும் தொங்கு தராசைப் பெடலில் மாட்டி, பெடல் நகரும் திசையிலேயே இழுத்து, முழுவதும் அமிழ எத்தனை கிலோ ஆகிறது, எத்தனை செ.மீ. நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 18 கிலோவும் 12 செ.மீ.யும் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்று என்ற விகிதத்தில் லிவர் செய்தால் கைக்கு 6 கிலோ பாரம், 36 செ.மீ. தூரம். ஒன்றுக்கு நான்கு என்று வைத்தால் பாரம் நாலரைக் கிலோவாகக் குறையும், தூரம் 48 செ.மீ. ஆகிவிடும். இடுப்புக்குமேல் தசைப்பிடி இல்லாதவர் அவ்வளவு தூரம் கையை நீட்டினால் உடம்பும் கூடவே சாயும். அதனால் மூன்றையொட்டி நிற்பது பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும்.

அடுத்தது திசை. கிளட்ச் லிவரைத் தன்னை நோக்கி இழுத்தால் கிளட்ச் விடுபட வேண்டும், அதாவது பெடலை மிதித்ததுபோல் எஞ்சின் விசை சக்கரத்துக்குப் போகாமல் பிரிய வேண்டும். ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டால் வண்டி முன்னே பாயும், உட்கார்ந்தவர் பின்னே சாய்வார். லிவரைப் பிடித்த கையும் பின்னே வரும். இழுத்தால் விடுபடும்படி செய்திருந்தால் அந்தச் சாய்வே கிளட்சைப் பிரித்து வண்டியை அடக்கிவிடும். தள்ளினால் விடுபடும்படி செய்திருந்தால், பாய்கிற வண்டியை நிறுத்த, பின்னே சரிகிற உடம்பை முன்னே எக்கிக் கொண்டுவர வேண்டும். எக்க முடியாதவருக்கு அது நடக்காது.

இதற்கான அமைப்பு எளிது. மொத்தம் 80 செ.மீ. நீள லிவரில் கீழிருந்து 20 செ.மீ. உயரத்தில் கீல் முள் வைக்க வேண்டும். மேலே 60, கீழே 20. கைப்பிடியைப் பின்னே இழுத்தால் கீழ்நுனி முன்னே போய் ஒரு தண்டின் மூலம் பெடலைத் தள்ளும்.

கீல் முள் எங்கே உட்காருகிறது என்பதில்தான் பட்டறையின் தரம் தெரியும். மட்கார்டு தகட்டில் வைக்காதீர்கள். தகடு நெளியும், லிவரை இழுக்க இழுக்கக் கிளட்ச் பாதிதான் பிரியும், கியர் பற்கள் உராயும். கிளட்ச் ஹவுசிங்கிலோ சேஸிஸிலோ ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் 8 மி.மீ. தகட்டை இறுக்கி அதன்மேல் வையுங்கள். வண்டியின் பாகம் எதிலும் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. பெடலைப் பற்றிக்கொள்ள இரு பாதிகளாகச் செய்த கிளாம்ப் போதும். பெடல் வார்ப்பிரும்பாக இருந்தால் வெல்டிங் பிடித்ததுபோல் காட்டிப் பிறகு விட்டுவிடும்.

தண்டின் இரு முனையிலும் வெறும் துளையும் போல்ட்டும் வைப்பதைவிட டை ராடு எண்டு போன்ற பந்து மூட்டு வையுங்கள். பெடல் வளைவாக நகர்வதால் மூட்டு திரும்ப வேண்டும். போல்ட்டுகள் 8.8 தரத்தில், நைலாக் நட்டோடு இருக்கட்டும். முள்ளுக்குக் காட்டர் பின் கட்டாயம். கீலில் ஒரு கிரீஸ் நிப்பிள் வைத்துவிட்டால் பல ஆண்டு உழைக்கும்.

இனி, எல்லோரும் தவறவிடும் ஒரு சிறிய பாகம்: ரிட்டர்ன் ஸ்பிரிங். பெடலை மிதிக்கத் தொடங்கும் முன் சற்று வெற்று அசைவு இருக்கும். அது எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் போட்டிருப்பார்கள். புதிய லிவரின் எடை பெடலில் ஏறினால் அந்த வெற்று அசைவு போய்விடும். ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுழன்று தேயும், கிளட்ச் தட்டு வழுக்கிக் கருகும். லிவரின் எடையை ஸ்பிரிங் சுமக்க வேண்டும், பெடல் சுமக்கக் கூடாது. பொருத்திய பிறகு விரலால் பெடலைத் தொட்டு, பழைய வெற்று அசைவு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக் லிவரும் இதே முறைதானா?

திசை மட்டும் நேரெதிர். பிரேக்கைத் தள்ள வேண்டும். வேகம் குறையும்போது உடம்பு முன்னே சாயும், அந்தச் சாய்வு பிரேக்குக்குத் துணை நிற்கும். கீல் முள் அடியில், அதிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் தண்டு, 60 செ.மீ. உயரத்தில் கைப்பிடி என்று வைத்தால் இங்கும் ஒன்றுக்கு மூன்று கிடைக்கும்.

இடது, வலது பிரேக் பெடல்களை அவற்றின் இணைப்புத் தகட்டால் பூட்டியே வையுங்கள். ஒற்றைப் பிரேக் பிடித்துக் குறுகலாகத் திருப்பும் வசதி போய்விடும். வயல் மூலையில் ஒரு முறை பின்னே எடுத்துத் திருப்ப வேண்டிவரும். அது பெரிய இழப்பு அல்ல. சாலையில் ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுந்தால் வண்டி சுழன்று கவிழும். அதைவிட மூலையில் நேரம் போவது மேல்.

பிரேக் லிவருக்கும் தனி ஸ்பிரிங் வேண்டும். இல்லையென்றால் பிரேக் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும்.

இரண்டு கைதானே? கிளட்ச், பிரேக், கியர், ஸ்டீயரிங் நான்கையும் எப்படிப் பிடிப்பது?

ஒரே நேரத்தில் நான்கையும் பிடிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் வயல் வேலையின்போது வண்டியை நிறுத்தித்தான் கியரை மாற்றுகிறோம். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். இடது கையால் கிளட்சை இழுத்துப் பிடித்து, வலது கையால் கியரைப் போட வேண்டும். கிளட்ச் கடிக்கத் தொடங்கி எஞ்சின் சற்றே முனகும்போது வலது கையால் பார்க்கிங் பிரேக்கை விட வேண்டும். பிறகு இடது கையை முழுவதும் விட்டு ஸ்டீயரிங்குக்குக் கொண்டுவர வேண்டும். வரப்பு ஏற்றத்திலும் கால்வாய்க் கரையிலும் இதே வரிசைதான். இதை மாற்றக் கூடாது.

கிளட்சைப் பிடித்து நிறுத்திவைக்கக் கொக்கி வைக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். கியரில் நிற்கும் வண்டியில் அந்தக் கொக்கி கழன்றால் எதிரில் நிற்பவர் மேல் வண்டி ஏறிவிடும். நிற்க வேண்டுமென்றால் நியூட்ரலும் பார்க்கிங் பிரேக்கும் இருக்கின்றன.

ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் பொருத்திக்கொண்டால் ஒரு கையால் திருப்பலாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் குமிழ் வைக்காதீர்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் குமிழ் சுழன்று கட்டைவிரலை முறிக்கும்.

கிளட்ச் அமிழ்ந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்ச் உள்ள வண்டியில் அதைத் தொடாதீர்கள். லிவரும் பெடலைத்தான் அமுக்குகிறது என்பதால் சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும்.

கேபிள் அல்லது மின்மோட்டார் போடலாமா?

கேபிள் இழுக்கும், தள்ளாது. நாளாக ஆகத் தளரும். சாதாரண மின்மோட்டார் ஆக்சுவேட்டர் கிளட்சை ஒரே வேகத்தில்தான் விடும். கிளட்ச் கடிக்கும் அந்த நொடியை உணரக் கைதான் வேண்டும். இரும்புத் தண்டே போதும்.

காலை எங்கே வைப்பது?

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் கால் திடீரென்று துடித்து நீளும். அப்படி நீளும் கால் பிரேக் பெடலிலோ கிளட்சிலோ விழக் கூடாது. பெடல்களுக்கு முன்னே கழற்றி மாட்டக்கூடிய ஒரு தடுப்புத் தகடு வையுங்கள். பாதத்தை அகலமான பட்டையால் கட்டி, கீழே ரப்பர் விரிப்புப் போடுங்கள். வேட்டி, சாரம், தொங்கும் துண்டு எதுவும் வேண்டாம். பி.டி.ஓ. தண்டு துணியைப் பிடித்தால் விடாது.

கவிழ்வுக் காப்புச் சட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்தப் பக்கம் முழுவதிலும் நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இதுதான். தசைப்பிடி இல்லாதவர் இருக்கையில் நிலைக்க இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் கட்டியாக வேண்டும். காப்புச் சட்டம் இல்லாத டிராக்டரில் பட்டை கட்டினால், கவிழும்போது வண்டிக்கடியில் நசுங்க நாமே ஆளைக் கட்டிப்போட்டதாகிவிடும். காப்புச் சட்டம் இருந்து பட்டை இல்லையென்றால் தூக்கியெறியப்பட்டு அதே சட்டத்தின் அடியிலேயே விழுவார். இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு.

பின்சக்கரம் புதைந்து அசையாமல் நிற்க, முன்கியரில் எஞ்சினை முடுக்கினால் சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடலே பின்னோக்கிச் சுழன்று எழும். அதைத் தடுக்கக் கிடைப்பது ஒரு வினாடிக்கும் குறைவான நேரம். காலுள்ளவரும் அந்நேரத்தில் குதித்துத் தப்புவது அரிது. ஆகவே புதைந்தால் பின்கியரில்தான் வெளியே வர முயல வேண்டும். இழுவைச் சங்கிலியை டிராபாருக்கு (பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பி) மேலே எங்கும் மாட்டக் கூடாது. ரோட்டவேட்டர் போன்ற கனமான கருவி பின்னால் இருந்தால் முன்னால் எடைக் கட்டிகள் வேண்டும்.

"அண்ணாச்சி, நாங்களே பைப் வளைத்துச் சட்டம் செய்துவிடுகிறோம்" என்று பட்டறையில் சொல்வார்கள். லிவரை அவர்கள் செய்யட்டும். சட்டத்தைக் கம்பெனியில்தான் வாங்க வேண்டும். அது ஓரளவு வளைந்து அடியை உள்வாங்க வேண்டும், ஆனால் முறியக் கூடாது. சோதித்துப் பார்க்காத வெல்டிங்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சட்டத்தின் கால்களில் துளையிடுவதும் லிவரை வெல்டு செய்வதும் அதைப் பலவீனப்படுத்தும்.

எப்படி ஏறி இறங்குவது?

வீட்டுக் களத்தில் இருக்கையின் உயரத்துக்குச் சிமெண்ட் மேடையும் சாய்தளமும் கட்டிவிடுவதே நல்ல வழி. டிராக்டரை மேடையை ஒட்டி நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சக்கர நாற்காலியிலிருந்து வழுக்குப் பலகை வைத்து மாறலாம். பலகை பின்சக்கர மட்கார்டுக்கும் நாற்காலிக்கும் நடுவில் சரியாமல் இருக்க, அடியில் ஒரு மரக்கட்டையை அறைந்துவிடுங்கள்.

டிராக்டரின் பின்னால் உள்ள ஹைட்ராலிக் கைகளில் நாற்காலியைக் கட்டி ஆளைத் தூக்கும் யோசனை அடிக்கடி வருகிறது. எஞ்சின் ஓடினால்தான் அது தூக்கும். பி.டி.ஓ.வுக்குப் பக்கத்தில் ஆள் தொங்குவார். செய்யாதீர்கள்.

வயலில் தனியாக இறங்கும்படி திட்டமிடாதீர்கள். கைப்பேசி டாஷ்போர்டில் இருக்கக் கூடாது, சட்டைப்பையில் பித்தான் போட்டு இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும்.

இருக்கையில் எவ்வளவு நேரம் உட்காரலாம்?

சக்கர நாற்காலி மெத்தையையே இருக்கையில் போட்டுக்கொள்ளுங்கள். 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி, கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் புட்டத்துக்கு இரத்த ஓட்டம் கொடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடும் என்பதால் கைப்பேசியில் மணி வையுங்கள். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டிவரும்; ஒரு பிசான நெல் பருவமே போய்விடும்.

சூடு இன்னொரு எதிரி. கியர்பெட்டி, சைலென்சர், வெயிலில் காய்ந்த மட்கார்டு எதில் கால் பட்டாலும் உணர்ச்சியற்றவருக்குத் தெரியாது. தொடையும் கெண்டைக்காலும் படும் இரும்பு முழுவதையும் தடித்த ரப்பரால் மூடுங்கள். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாமல் நின்றால் மறுநாள் ஏறக் கூடாது.

கார் பருவ நெல் நடவுக்குத் தொளியடிக்கலாமா (சேற்றுழவு செய்யலாமா)?

தனியாகக் கூடாது. கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய்ப் பாசனத்து நஞ்சையில் ஆழச் சேறு. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட வண்டியும் புதையும். அங்கே பின்கவிழ்வு ஆபத்து மிக அதிகம், உதவிக்கு ஓடி வருபவரின் காலும் முழங்கால்வரை அமிழும். தொளிக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. காலுள்ளவர்களும் வாடகைக்குத்தான் அடிக்கிறார்கள்.

வாழைக்கு இடை உழவு, மருந்தடிப்பு, எரு ஏற்றும் டிரெய்லர், மானூர்ப் பக்கத்துக் கரிசலில் கோடை உழவு, நாங்குநேரிச் செம்மண் புஞ்சை எல்லாம் நன்றாக வரும். கரிசல் நனைந்திருந்தால் காயும்வரை பொறுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் சக்கரம் வழுக்கிப் புதையும் என்பதால் கூட ஓர் ஆள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வாகனத்துக்குத் தனி வரையறையே கொடுத்தது. ஓட்டுநர் உரிமத்திலும் அந்த வகை இருக்கிறது. ஆகவே இரும்பு வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். மாற்றம் பதிவுச் சான்றில் ஏற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். "வயலில் மட்டும்தானே ஓட்டப்போகிறேன்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போக ஊர்ச் சாலையைத் தாண்டத்தான் வேண்டும்.

என் மகன் ஓட்டியே தீருவேன் என்கிறான். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. விடலாமா, ஐயா?

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அவனை எதிர்த்து நிற்காமல், சோதனையில் நீங்களும் கூட நில்லுங்கள். முதலில் எஞ்சினை அணைத்தே அவன் இரண்டு லிவரையும் கண்ணை மூடிக்கொண்டு இயக்கட்டும். பிறகு சமதளமான களத்தில், கருவி எதுவும் மாட்டாமல், மிகச் சிறிய கியரில், ஆக்சிலேட்டரைக் குறைத்து ஓட்டட்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. நீங்கள் கை தட்டியதும் அவன் கிளட்சை இழுத்து, பிரேக்கைத் தள்ளி, எஞ்சினை அணைக்க வேண்டும். யோசிக்காமல் அது வரும்வரை கலப்பை மாட்டவே வேண்டாம். இழுத்து அணைக்கும் குமிழ் தொலைவில் இருந்தால் ஒரு கம்பி போட்டுக் கைக்கு எட்டும்படி நீட்டிவிடுங்கள். இத்தனைக்கும் அவன் உட்பட்டால் ஓட்டட்டும்.

யோசனை கேட்க யாரும் இருக்கிறார்களா?

தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகுத்தண்டு பாதிப்புக்கான மறுவாழ்வுப் பயிற்சி அங்கே உண்டு. ஏறி இறங்குவது, இருக்கை, தோல் பராமரிப்பு பற்றி இத்தகைய மையத்தின் சிகிச்சையாளரிடம் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1979 முதல் மாற்றுத்திறன் விவசாயிகளுக்கான கருவிகளைப் பற்றி ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களுடைய படங்கள் லிவரைவிட ஏறும் வசதிக்கு நல்ல யோசனை தரும்.

பராமரிப்பு என்ன? வீட்டில் மற்றவர்களும் ஓட்டலாமா?

ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு பிளந்திருந்தால் நட் தளர்ந்திருக்கிறது. ஏறுவதற்கு முன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே கண்ணால் பார்த்துவிடலாம். வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். விரிசல் கண்டால் மேலே வெல்டு வைத்து ஒட்டாமல் அந்தப் பாகத்தைப் புதிதாகச் செய்யுங்கள்.

இயக்கத்தைப் பொறுத்தவரை மற்றவர்களும் ஓட்ட முடியும், பெடல்கள் அப்படியேதான் இருக்கின்றன. அவர்கள் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.